அக்காவுக்கு ஒரு முகம்

ஈரம் தின்ற முகம் இப்படி இருக்காது.

பெரியவள் படத்தைத் திரையில் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். ஸ்டுடியோவின் உள்ளறையில் உட்கார்ந்து பழைய படங்களைச் சரிசெய்வதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஈரமும் பூச்சியும் வெயிலும் ஒரு படத்தை எப்படியெல்லாம் தின்னும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஈரம் ஓரத்திலிருந்து உள்ளே ஊரும். பூச்சி ஓட்டை போடும். வெயில் எல்லாரையும் ஒன்றுபோல வெளுக்கும். இங்கேயோ, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாக்காரியும் அவளுக்கு வலப்பக்கம் நின்ற பெண்ணும் நேற்று எடுத்ததுபோல் பளிச்சென்று இருந்தார்கள். இடப்பக்கம் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றவளுக்குக் கழுத்துப் பொத்தான்கூடத் தெளிவாகத் தெரிந்தது. முகம் மட்டும் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை, முகத்தின் எல்லையை ஒரு மயிரிழைகூடத் தாண்டாமல், மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. யாரோ ஊசியை எடுத்துக்கொண்டு, பொறுமையாக உட்கார்ந்து கீறியிருக்கிறார்கள்.

இந்த வேலையும் சின்னவளின் உத்தரவுதான். வெளிநாட்டில் புது வீடு கட்டியிருக்கிறாளாம்.

"ஹால்ல ஒரு சுவர் முழுக்க நம்ம வம்சத்தையே மாட்டப்போறேன்க்கா. நீதான் வீட்லயே இருக்கியே, பழசையெல்லாம் கொஞ்சம் தேடி எடுத்து வையேன். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

வீட்டிலேயே இருக்கியே! கண் மங்கிப்போன அம்மாவைக் காலையில் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, மதியத்துக்குச் சமைத்து மூடி வைத்து, ஸ்டுடியோவுக்கு ஓடி, சாயங்காலம் திரும்பி வந்து கால் பிடித்துவிட்டு, இப்படி ஓடாய்த் தேய்வதற்குச் சின்னவள் வைத்திருக்கும் பெயர் அது. அம்மாவாவது சொல்லக்கூடாதா? சொல்லமாட்டாள். சின்னவள் ஒரு தடவை போன் செய்துவிட்டால் போதும், அந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான். "அவ அப்படியே நர்ஸம்மாடி. அதே மூக்கு, அதே தைரியம்."

நர்ஸம்மா என்பது அம்மாவின் பாட்டி. குடும்பமே தலையில் தூக்கி வைத்து ஆடும் ஆள். படத்தில் வலப்பக்கம் நின்றவள் அவள்தான். பெரியவளுக்கு யாருடைய ஜாடை என்று இதுவரை யாரும் யோசித்ததில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன. அதை அவள் தனக்குள் மறைத்துக்கொண்டதே இல்லை.

முகம் இல்லாதவள் யாரென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. "வேலைக்காரியா இருக்கும்" என்றாள். வேலைக்காரி எஜமானியின் நாற்காலியை அப்படியா உரிமையோடு பிடித்துக்கொண்டு நிற்பாள்? பெரியவளுக்கு மூக்கில் வியர்த்தது. ஒரு நாள் அரை லீவு போட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், தூசி பறந்த பிறப்புப் பதிவேட்டில் நர்ஸம்மாவைத் தேடினாள். கிடைத்தாள். நாலு வருடம் பின்னால் போனால், அதே அப்பா, அதே அம்மா, அதே தெரு, இன்னொரு பெண் குழந்தை.

நர்ஸம்மாவுக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அந்த அக்கா எங்கேயும் இல்லை. கல்யாணப் பதிவு இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. ஊர் நூலகத்தில் அந்தக் காலத்துச் செய்தித்தாள்களைப் புரட்டினாள். ஒரு வருடம் ஊரில் பெருங்காய்ச்சல் வந்திருக்கிறது. நகராட்சி ஆட்கள் வீடு வீடாக ஏறி, பினாயில் தெளித்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உடம்பு சுட்டவர்களை ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைக்கு வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. நர்ஸம்மா போய்த் திரும்பினாள். அங்கேயே மற்றவர்களுக்குப் பணிவிடை செய்ததைப் பாராட்டிப் படத்தோடு செய்தி. பிறகு மெடல், மேடை, மாலை. அக்காவைப் பற்றி ஒரு வரி கிடையாது. அன்றைக்கும் தங்கச்சிக்குத்தான் எல்லாமுமா என்று பெரியவளுக்கு ஆத்திரமாக வந்தது. முகமே இல்லாத அந்த ஒருத்தியின் மேல் அவளுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது.

ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. முகம் அழிந்த படம் வந்தால், உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்களின் படங்களிலிருந்து ஒருவருடைய கண், இன்னொருவருடைய மூக்கு, வேறொருவருடைய வாய் என்று எடுத்துப் பொருத்துவார்கள். முகம் கடன் வாங்குவது என்று அதற்குப் பெயர். ஒரே ஆளிடம் முழு முகத்தையும் வாங்கக்கூடாது. "அப்புறம் அது செத்தவங்க படமா இருக்காது, இருக்கறவங்க படமா ஆயிடும். கஸ்டமர் மூஞ்சில விட்டெறிவான்" என்பார் ஸ்டுடியோக்காரர்.

"சின்னவ முகத்தை வெச்சுப் போட்டுடு. அவளுக்குத்தான் அந்த ஜாடை" என்றாள் அம்மா.

பெரியவள் அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு தன் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத் திறந்தாள். கண்ணை எடுத்தாள். மூக்கை எடுத்தாள். வாயையும் எடுத்தாள். மூடிய உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த அரைச் சிரிப்பையும் விடவில்லை. முகத்தைக் கீறலின் மேல் கொண்டுபோய் வைத்தபோது, அது உட்கார்ந்துகொண்டது. அளவை மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிழல் விழுந்த பக்கம்கூடச் சரியாக இருந்தது. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு முகமும் உட்கார்ந்ததில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரிண்ட் போட்டு, சட்டம் கட்டி, அம்மாவின் கட்டிலுக்கு எதிரே இருந்த அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, பினாயில் மாதிரியான ஒரு வாடை அடித்தது. அவள் வீட்டில் பினாயில் வாங்குவதில்லை. அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலை வழித்து வாரிப் பின்னப்பட்டிருந்தது. பின்னல் இறுக்கமாக, பழைய மாதிரி, காதுக்கு மேலிருந்து எடுத்துப் போட்டிருந்தது.

"யாரும்மா தலை பின்னி விட்டது?"

"நல்லா கேட்ட போ. மத்தியானம் நீதானே வந்து பின்னி விட்ட? கைதான் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

அம்மாவுக்கு வயசாகிறது, கனவு கண்டிருப்பாள், பக்கத்து வீட்டுக்காரி வந்திருப்பாள். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பெரியவள் அடுப்பைப் பற்றவைத்தாள். வாசல் கதவை யாரோ நகத்தால் வருடுவதுபோல் ஒரு சத்தம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது, நின்றது, மறுபடியும் மேலிருந்து தொடங்கியது. திறந்து பார்த்தால் தெருவிளக்கும் மழைத் தூறலும்தான்.

அடுத்த நாள் ஸ்டுடியோக்காரர் கோபித்துக்கொண்டார்.

"நேத்து மத்தியானம் ஒரு வேலையா உங்க தெரு பக்கம் வந்தேன். நீங்க உங்க வீட்டு வாசல்ல நின்னுட்டிருந்தீங்க. அத்தனை தடவை கூப்பிட்டேன், பாத்துட்டே நின்னீங்க. ஒரு வார்த்தை பேசல. சிரிச்சுட்டே இருந்தீங்க."

"நேத்து மத்தியானம் நான் இங்கேதானே சார் இருந்தேன்?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைத் தேடுவதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரிக்குப் போனாள். படம் அப்படியேதான் இருந்தது. நாற்காலியில் அம்மாக்காரி, வலப்பக்கம் தங்கை, இடப்பக்கம் அக்கா. அக்காவின் கை மட்டும் நாற்காலியின் முதுகில் இல்லை. அம்மாக்காரியின் தோளில் இருந்தது.

அவள் படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அம்மாவின் தங்கைக்குப் போன் போட்டாள். குடும்பத்தில் பழைய கதைகள் மிச்சம் இருப்பது சித்தியிடம் மட்டும்தான்.

"அட, அவளையா கேக்கற?" சித்தி சிரித்தாள். "அதெல்லாம் பேசக்கூடாதுன்னு எங்கம்மா வாயை அடைச்சிடுவாங்கடி. காய்ச்சல் வந்தது அக்காக்காரிக்குத்தான். ஆளுங்க வாசல்ல வந்து நின்னதும், 'எனக்கில்ல, என் தங்கச்சிக்கு'ன்னு கையைக் காட்டிட்டா. பாவம், நர்ஸம்மா அப்பத்தான் அடுப்படியில இருந்து எழுந்து வந்திருக்காங்க, நெத்தி சுட்டிருக்கு. தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"ஏன் சித்தி அப்படிச் செஞ்சா?"

"வேற எதுக்கு? அம்மாவுக்குத் தங்கச்சி மேல உசுரு. இவளுக்கு அது பொறுக்கல."

பெரியவள் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"விஷயம் தெரிஞ்சதும் அம்மாக்காரி இவளை வெளிய தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. இருந்த ஒரே படத்துல முகத்தை அவங்களே கீறினாங்க. இவ தினமும் சாயங்காலம் வந்து கதவைச் சுரண்டுவாளாம். 'ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பாரும்மா'ன்னு. 'எனக்கு அந்த முகமே ஞாபகம் இல்ல'ன்னு உள்ள இருந்து பதில் வருமாம். ஒரு நாள் சத்தம் நின்னுடுச்சு. எங்க போனா, எங்க செத்தா, யாருக்கும் தெரியாது. ஆமா, இப்ப எதுக்குடி அவ கதை?"

"சும்மாதான் சித்தி."

வெள்ளிக்கிழமை காலையில் படத்தைச் சட்டத்தோடு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனாள். கணினியில் இருந்த கோப்பை அழித்தாள். பிரிண்ட்டைத் துண்டு துண்டாக வெட்டினாள். தன் கண்களையே வெட்டுவது சங்கடமாக இருந்தாலும் வெட்டினாள். மனசு கொஞ்சம் லேசானது. சாயங்காலம் சின்னவள் வந்திருப்பாள், அம்மா அவளை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருப்பாள், தான் போய்ச் சமையல்கட்டில் நிற்கவேண்டும். வழக்கமான அந்தப் பழைய எரிச்சல் திரும்பி வந்ததே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மழை வலுத்திருந்தது. வாசலில் சின்னவளின் செருப்பு கிடந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

தட்டினாள்.

உள்ளே பேச்சுச் சத்தம். சிரிப்பு. பிறகு அமைதி.

"அம்மா! நான்தான்!"

யாரும் வரவில்லை. ஜன்னல் பக்கம் போனாள். பினாயில் வாடை கம்பி வழியாக வந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அம்மா கட்டிலில். சின்னவள் தரையில், அம்மாவின் காலடியில். கட்டிலின் இடப்பக்கம் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். பெரியவளின் புடவை. பெரியவளின் முகம்.

சின்னவள் ஏதோ கேட்டாள். அவள் பதில் சொன்னாள். பெரியவளின் குரல்தான். உதடு அசையவில்லை. அந்த அரைச் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் இமைக்கவில்லை. சின்னவள் அதைக் கவனிக்கவே இல்லை. அக்காவின் முகத்தை அவள் என்றைக்குத்தான் உற்றுப் பார்த்தாள்?

பெரியவள் கம்பிகளை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினாள்.

"யாரோ ஜன்னல்ல நிக்கறாங்கம்மா" என்று சின்னவள் எழுந்து வந்தாள். ஒரு சாண் தூரம். நேருக்கு நேர் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"சின்னவளே, நான்டி. வெளிய வா. அவ பக்கத்துல போகாதே."

"யாரோ ஒரு பொம்பளைம்மா. கையால முகத்தை மூடிட்டு நிக்கறா."

பெரியவள் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் கம்பியில் இருந்தன.

"பிச்சைக்காரியா இருக்கும்" என்றது கட்டிலிலிருந்து அவளுடைய குரல். "திறக்காதே. இப்ப காய்ச்சல் பரவுது."

சின்னவள் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தப் பார்த்தாள். ஈரத்தில் உப்பியிருந்த மரம் முழுக்க மூடவில்லை. விரல் அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியே பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தலையைக் கட்டிலில் சாய்த்தாள். இடப்பக்கம் இருந்தவளின் கை மெதுவாக இறங்கி அவள் நெற்றியைத் தொட்டது.

"உனக்கு உடம்பு சுடுதேடி" என்றது குரல்.

கத்தவேண்டும். தெருவைக் கூட்டவேண்டும். அந்த நேரத்தில்தான் அம்மா பேசினாள். மங்கிய கண்களைச் சுருக்கி, எதிரே இருந்த முகத்தை வெகு நேரம் பார்த்தாள். இரண்டு கைகளாலும் அதை ஏந்திக்கொண்டாள்.

"இத்தனை நாள் சொல்லாம விட்டுட்டேன்டி. சின்னவ எங்கேயோ இருந்தா. என்னைப் பாத்துக்கிட்டது நீதான். எனக்கு நீ மட்டும் போதும்."

பெரியவளின் தொண்டைவரை வந்த கத்தல் அங்கேயே நின்றது. தங்கையைப் பற்றிய நினைப்பு எங்கோ போய்விட்டது. அவளுக்குச் சேரவேண்டிய வார்த்தை அது. அவளுடையது. அதைத்தான் அந்த இடைவெளியில் கண்ணை வைத்து அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அசையாத அந்தச் சிரிப்பின் மேல் அம்மா முத்தம் கொடுத்தாள். கீழே சின்னவளின் நெற்றியில் இருந்த கை எடுக்கப்படவே இல்லை.