குறை சொல்லாத ஒரே ஆள்

செவ்வாய், பிற்பகல் 3.50.

விழுப்புரம் பொன்னரசி ரெசிடென்சியின் வரவேற்பறை. சோபாவில் வைத்திருந்த பையைத் திறந்த கலைப்பிரியாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. துண்டு இருந்தது. சார்ஜர் இருந்தது. பச்சை ஃபைலைக் காணோம்.

பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டினாள். சோபாவுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து டிகிரி வரை அத்தனை அசல் சான்றிதழும் அந்த ஃபைலில்தான் இருந்தன. மறுநாள் காலை பத்து மணிக்கு, இதே ஊரில், இளநிலை உதவியாளர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். நகல் வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

அவள் போட்ட சத்தத்தில் மின்விசிறியைத் தவிர எல்லாம் நின்றது.

அதற்கு முந்தைய நாற்பது நிமிடம் நடந்த கூத்தையும் சொல்லிவிட வேண்டும். கலைப்பிரியாவுக்குச் சொந்த ஊர் பனமலை. வேலை ஓசூரில் ஒரு கம்பெனியில். அம்மாவும் அவளோடு ஓசூரிலேயே இருப்பதால் பனமலை வீடு பூட்டிக் கிடக்கிறது. அதனால் 'ரூம்சிட்டு' என்ற ஆப்பில் முழுப் பணமும் கட்டி இந்த லாட்ஜில் ரூம் போட்டிருந்தாள். ஆப்பில் படம் ஜோராக இருந்தது: ஜன்னலில் நீலத் திரை, மஞ்சள் விளக்கு, மேசைமேல் ஒற்றை ரோஜா.

3.10க்கு கவுன்டரில் ஆதாரை நீட்டினாள். கிளார்க் மாசிலாமணி முகவரியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பனமலையா? லோக்கல் ஆதாருக்கு ரூம் கெடையாதும்மா. இந்த மாவட்டத்துக்காரங்களுக்குக் குடுக்கறதில்ல."

"ஆப்ல அப்படி ஒண்ணும் போடலையே?"

"அத ஆப்காரன்கிட்ட கேளு."

ஆப்காரனுக்கு போன் போட்டால் புல்லாங்குழல் வாசித்தான். பதினெட்டு நிமிட வாசிப்புக்குப் பின் ஒரு பெண் வந்து, "ஹோட்டல்ல பேசிக்கோங்க மேம்" என்றாள். ஹோட்டல் 'ஆப்பைக் கேள்' என்றது. நடுவில் அவள் போன் கணீரென்று ஒலித்தது: 'வாழ்த்துகள் கலைப்பிரியா! நீங்கள் செக்-இன் செய்துவிட்டீர்கள். இனிதே தங்குங்கள்!' கவுன்டரில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவ்வளவு நேரமும் பை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மாலை 4.40. காவல் நிலையம்.

புகாரை எழுதிக்கொண்டவர் தலைமைக் காவலர் பிரபாவதி. கையில் வரும் எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டார். வறுத்த மல்லாட்டைக் கடலை மடித்துவந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கசக்குவார் என்று நிலையத்தில் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

மாசிலாமணிக்கு போன் போட்டார். "கேமரா இருக்குதா?"

"கவுன்டரைத்தான் பார்க்குது மேடம். சோபா அதுல வராது."

"யாரெல்லாம் வந்தாங்க?"

"தண்ணி புடிக்க ரெண்டு மூணு பேரு வந்து போனாங்க. ஒருத்தன் ஹெல்மெட்டக்கூட கழட்டல. இந்தப் பொண்ணு போட்ட சண்டையில யார பார்த்தேன்!"

பிரபாவதி போனை வைத்தார். "பையில காசு இருந்துச்சா?"

"ரெண்டாயிரம். அப்படியே இருக்குது மேடம்."

"காச விட்டுட்டு ஃபைல எடுத்துக்கினு போயிருக்கான்னா, ஃபைலுக்காகவே வந்தவன். நீ அங்க தங்கப் போறது யாருக்குத் தெரியும்?"

"கோச்சிங்ல ஒண்ணாப் படிச்சோம். மூணு பேர் குரூப். அதுல போட்டிருந்தேன். நான், அலெக்ஸ், கோகுலகிருஷ்ணன்."

"வேலை எத்தினி?"

"ஒண்ணே ஒண்ணு. பட்டியல்ல நான் முதல்ல. அப்புறம் அலெக்ஸ். மூணாவது கோகுல்."

மாலை 5.30.

அலெக்ஸ் விழுப்புரத்திலேயே இருந்தான். கூப்பிட்டதும் வந்தான்.

"மூணே காலுக்கு எங்க இருந்த?"

"ஜங்ஷன்ல. பிளாட்பாரத்துல உக்காந்துக்கினு இருந்தேன் மேடம்."

"யார் பார்த்தாங்க?"

"யாருமில்ல."

"அங்க இன்னா வேலை?"

"வீட்ல இருந்தா நாளைய நெனைச்சு பேஜாரா இருக்குது. ரயிலப் பார்த்துக்கினு இருந்தா நேரம் போவும்."

"கலைப்பிரியா நாளைக்கு வரலன்னா வேலை யாருக்கு?"

"எனக்குத்தான் மேடம்."

பொய் சொல்லத் தெரியாதவனா, நன்றாகத் தெரிந்தவனா என்று பிரபாவதியால் முடிவுக்கு வர முடியவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "இவன்தான். காலையில ஒம்போது மணிக்கு இங்க கொண்டாந்து உக்கார வை."

அப்படி உட்கார வைத்தால் அலெக்ஸுக்கும் சரிபார்ப்பு போய்விடும். பிரபாவதிக்கு அது உறுத்தியது.

மாலை 6.10. கோகுலகிருஷ்ணன் போனில் கிடைத்தான்.

"கலை அக்கா ஃபைல் போச்சுன்னு கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல மேடம். அலெக்ஸ விசாரிச்சீங்களாமே, அவன் அப்படிப் பண்ணுவான்னு நெனைக்கல."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"திண்டிவனத்துல, வெண்மதி இன் லாட்ஜ்ல. கூட்டேரிப்பட்டு வீட்ல எங்க சொந்த அக்காவுக்கு வளைகாப்பு. வீடு முழுக்க சொந்தக்காரங்க. ஒரு பீரோவ விடல, ஒரு மூலைய விடல. படிக்க முடியாதுன்னு ஒரு மணிக்கே இங்க வந்துட்டேன்."

அவனிடமிருந்து ஸ்கிரீன்ஷாட் வந்தது: ரூம்சிட்டு, செக்-இன், பிற்பகல் 1.05. குரூப்பில் 1.20க்கே ரூம் படமும் போட்டிருந்தான். நீலத் திரை, மஞ்சள் விளக்கு, மேசைமேல் ரோஜா. கீழே எழுதியிருந்தான்: 'ஆப்ல பார்த்த மாதிரியே இருக்கு. சூப்பர் ரூம்!'

லாட்ஜ் எண் என்று ஆப்பில் இருந்ததை அழுத்தினால் மறுபடியும் புல்லாங்குழல். போலீஸ் என்றாலும் அதே வாசிப்புதான். முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஒரு பையன், "ஆமா மேம், கெஸ்ட் செக்-இன் பண்ணிட்டாரு" என்று உறுதி சொன்னான்.

"போதுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இரவு 7.15.

பிரபாவதி வெண்மதி இன்னுக்கு வாடிக்கையாளர்கள் எழுதியிருந்த விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருந்தார். மொத்தம் அறுபத்து மூன்று. 'மயிலத்திலிருந்து போனேன். லோக்கல் ஆதார் என்று வெளியே அனுப்பினார்கள். ஆப்பில் செக்-இன் என்று காட்டுகிறது. காசு போச்சு.' 'படத்தில் ஜன்னல் இருக்கிறது, ரூமில் இல்லை.' 'பக்கெட்டுக்குக் கைப்பிடி இல்லை, கிளார்க்குக்கு வாய் இல்லை.' எல்லாம் ஒற்றை நட்சத்திரம். கடைசியாக இன்று மதியம் வந்த ஒன்றுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம்: 'படத்தில் உள்ளது போலவே இருந்தது. மிக்க நன்றி. — கோகுலகிருஷ்ணன்.'

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கலை, நீ புக் பண்ணின ரூம் படத்தக் காட்டு."

பார்த்தார். போனை எடுத்தார். கோகுலகிருஷ்ணனை அழைத்து, "காலையில எட்டு மணிக்கு அந்த லாட்ஜ்லயே இருங்க. ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு கலைப்பிரியா பிரபாவதியின் வீட்டில் தங்கினாள். அங்கே யாரும் ஆதார் கேட்கவில்லை. ஆனாலும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

புதன், காலை 7.55. திண்டிவனம்.

கலைப்பிரியாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிரபாவதி தன் ஸ்கூட்டியிலேயே வந்து சேர்ந்தார். முன்பே சொல்லிவைத்திருந்ததால் உள்ளூர்க் காவலர் செல்வகுமார் காத்திருந்தார். கோகுலகிருஷ்ணன் ஈரத்தலையும் விபூதியுமாக லாட்ஜ் வாசலில் நின்றிருந்தான். பக்கத்தில் அவன் ஸ்கூட்டர்.

"இப்பத்தான் ரூம காலி பண்ணினேன் மேடம்."

"பரவால்ல. உள்ள வாங்க."

கவுன்டரில் பச்சைமுத்து என்ற கிளார்க் பல் குத்திக்கொண்டிருந்தார். கோகுலகிருஷ்ணனைப் பார்த்தும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"நேத்து வந்ததும் கவுன்டர்ல இன்னா கேட்டாங்க?"

"ஆதார் கேட்டாங்க. குடுத்தேன். சாவி குடுத்தாங்க."

"ஆதார்ல எந்த ஊரு?"

"கூட்டேரிப்பட்டுதான்."

"அதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லல?"

"இன்னா சொல்வாங்க? மரியாதையா பேசினாங்க."

பச்சைமுத்துவின் கையில் குச்சி நின்றது. "கூட்டேரிப்பட்டா? பக்கத்து ஊருப்பா. லோக்கலுக்கு நாங்க ரூமே தர்றதில்லையே!"

"அப்ப இவருக்கு செக்-இன்னு போட்டிருக்கீங்களே?" என்றார் பிரபாவதி.

"ஆள் தங்கலன்னு போட்டா ஆப்காரன் எங்களுக்கு அபராதம் போடறான் மேடம். அதான் வந்தாலும் வராட்டியும் தட்டி வுட்டுடறது."

கோகுலகிருஷ்ணன் வாசலைப் பார்த்தான். அங்கே செல்வகுமார் நின்றிருந்தார்.

"அந்த செக்-இன்ன நம்பினா, கலையும் நேத்து பொன்னரசியில தூங்கியிருக்கணும்," என்றார் பிரபாவதி. "சரி, படத்துக்கு வருவோம்."

இரண்டு போன்களைக் கவுன்டர்மேல் அருகருகே வைத்தார். ஒன்றில் பொன்னரசி ரெசிடென்சிக்கு ஆப் போட்டிருந்த படம். மற்றொன்றில் கோகுலகிருஷ்ணன் குரூப்பில் போட்ட படம். அதே நீலத் திரை. அதே விளக்கு. ரோஜாவின் அடியிதழில் இருந்த கிழிசல்கூட அதேதான்.

"விழுப்புரத்துல இருக்கற ரோஜா திண்டிவனத்துக்கு எப்படி வந்துச்சு? ஆப்காரன் எல்லா லாட்ஜுக்கும் ஒரே படத்தப் போட்டு வெச்சிருக்கான். நீ அத எடுத்து உன் ரூமுன்னு போட்ட. இந்த லாட்ஜ்ல ஜன்னலே கெடையாது. உள்ள கால் வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அறுபத்து ரெண்டு பேரு இந்த எடத்தத் திட்டித் தீர்த்திருக்காங்க. நீ ஒருத்தன்தான் படத்துல இருந்த மாதிரியே இருந்துச்சுன்னு நன்றி சொல்லியிருக்க. அத சொல்றவன் ரூமப் பார்த்ததே இல்லன்னுதான் அர்த்தம்."

அவன் கை வண்டிச் சாவி இருந்த பாக்கெட்டை மூடிக்கொண்டது.

"ஹெல்மெட்டோட பொன்னரசிக்கு வந்தவன் நீதான். அவ ரூமுக்குப் போனப்புறம் பார்த்துக்கலாம்னு வந்த. கவுன்டர்ல அவ மாட்டிக்கினது உனக்கு வசதியாப் போச்சு. அவளுக்கு ஃபைல் இல்ல, அலெக்ஸுக்குத் திருட்டுப் பழி. ரெண்டு பேரும் போனா மூணாவது நீ. லாட்ஜ்ல நீ தங்கல. அந்த ஃபைல வீட்லயும் வைக்க முடியாது, சொந்தக்காரங்க ஒரு மூலைய விடலன்னு நீயேதான் சொன்ன. வண்டிச் சாவியக் குடு."

ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினார். மழைக்கோட்டுக்கு அடியில் பச்சை ஃபைல் இருந்தது.

கலைப்பிரியா அதைப் பிடுங்கிக்கொண்டு ஒவ்வொரு தாளாக எண்ணினாள். எல்லாம் இருந்தன. அப்புறம்தான் அவளுக்கு அழுகையே வந்தது.

"அக்கான்னு கூப்புட்டியேடா!"

"போன மாசம் ஒரு ரூம் புக் பண்ணிட்டுப் போவல. அப்பவும் செக்-இன்னு வந்துச்சு. அதுல வந்த யோசனைதான்," என்றான் கோகுலகிருஷ்ணன் தரையைப் பார்த்தபடி. "கிழிச்சுப் போட்டுடலாம்னு பார்த்தேன்க்கா. கை வரல."

காலை 8.35.

கைப்பற்றிய பொருளுக்கான தாளை எழுதி, கையெழுத்து வாங்கி, அவனைச் செல்வகுமாரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிரபாவதி இன்ஸ்பெக்டரை அழைத்தார். "அலெக்ஸ ஸ்டேஷனுக்குக் கூப்புட வேணாம் சார். ஃபைல் கெடைச்சுடுச்சுன்னு இப்பவே அவன்கிட்ட சொல்லிடுங்க." பிறகு கலைப்பிரியாவிடம், "சரிபார்ப்பு முடியற வரைக்கும் நானும் கூட இருப்பேன். முடிஞ்சதும் ஃபைல் என் கைக்கு வரணும். ஏறு, ஜல்தி" என்றார்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டும் வரை வண்டி பறந்தது. விக்கிரவாண்டி அருகே ஒரு கரும்பு லாரி கவிழ்ந்து சாலையை அடைத்திருந்தது. 9.10. 9.30. 9.42க்குத்தான் வழி விட்டார்கள். கலைப்பிரியா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காலை 10.12. விழுப்புரம்.

படியேறி ஓடினாள். சரிபார்ப்பு அறையின் கதவுக்குக் குறுக்கே நின்று அலெக்ஸ் உள்ளே இருந்த அலுவலரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு தடவ கூப்புட்டாச்சு தம்பி. அடுத்த பேரு நீதானே, வா," என்றார் அலுவலர்.

"இன்னும் ரெண்டே நிமிஷம் சார். ஃபைல் கெடைச்சுடுச்சாம், வந்துக்கினு இருக்காங்க." திரும்பியவன் அவளைப் பார்த்துவிட்டான். "தோ, வந்துட்டாங்க சார்! போங்க, ஜல்தி போங்க!"

அவள் ஃபைலோடு உள்ளே போனாள்.

பிரபாவதி மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நேற்று இவனைச் சந்தேகப்பட்டதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏம்பா, அவ வரலன்னா வேலை யாருக்கு?"

"எனக்குத்தான் மேடம்," என்றான் அலெக்ஸ், நேற்று சொன்னதுபோலவே. பிறகு கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். "உக்காந்துட்டாங்க மேடம். ஃபைல வாங்கிட்டாங்க."