அறுபத்தோராம் பக்கம்

தியேட்டரின் பழைய பெயரைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுத்துகள் இருந்த இடம் மட்டும் வெயில் படாத தோல்போல வெளுத்துக் கிடந்தது. தெருவில் போகிற எவரும் படித்துவிடலாம். ஜோசெட் குடையை மடக்கிக்கொண்டே அதை ஒரு தடவை படித்துவிட்டு உள்ளே போனாள்.

சைகோன், 1981, ஜூலை மாதம். மழை ஓய்ந்த பகல் ஒரு மணி. நனைந்த வெல்வெட் திரையின் வாடையும் பூனை மூத்திர வாடையும் எங்கோ பின்கட்டில் கொதிக்கிற மீன் சாற்றின் வாடையும் கலந்து அவளை வரவேற்றன. இருநூறு இருக்கைகள், எல்லாம் ஸ்பிரிங் வைத்தவை. ஆள் உட்கார்ந்தால் கீழே இறங்கும். எழுந்தால் டப்பென்று தானே மேலே மடங்கிக்கொள்ளும்.

"மேல பால்கனி?" என்று கேட்டாள்.

"எழுபத்தஞ்சுலேர்ந்து பூட்டு. கூரைக் காரை பேந்து வுழுந்துடுச்சு" என்றான் அகுஸ்தேன்.

படம் ஓட்டுகிறவன் அவன். அவளுடையதைப் போலவே பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே குடியேறிய காரைக்கால் குடும்பம்; அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். இந்த வேலைக்கு அவளைச் சொல்லி வைத்ததே அவன்தான். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை வாசகம் படித்த அவள் குரல் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

வேலை இதுதான். வெளிநாட்டுப் படம் ஓடும்போது அதன் சத்தத்தைத் தாழ்த்திவிட்டு, ஒரே ஆள் மைக் முன்னால் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களின் பேச்சையும் வியட்நாமிய மொழியில் படிக்க வேண்டும். கிழவனுக்கும் குழந்தைக்கும் அதே குரல்தான். அழக் கூடாது, சிரிக்கக் கூடாது, நடிக்கவும் கூடாது. திரையில் உதடு அசைந்த அரை நொடிக்குப் பின்னால், ஒரு நிழல் மாதிரி போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

மேலாளர் ஓங் தாம் படிக்கட்டின் உச்சியில் காத்திருந்தார். ஒல்லி மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஊர் வழக்கப்படி அவளை 'சீ', அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்.

"சீ ஜோசெட், மைக்கை நடுவுல அணைக்கவே கூடாது. அணைச்சா ஸ்பீக்கர்ல துப்பாக்கி வெடிச்ச மாதிரி சத்தம் வரும். போன மாசம் ஒருத்தி அணைச்சா. பாதி ஜனம் நாற்காலிக்கு அடியில படுத்துட்டாங்க."

பிறகு தட்டச்சு செய்த தாள்கட்டைத் திறந்து, அறுபத்தோராம் பக்கத்தைக் காட்டினார். ஆறு வரிகள் சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன.

"இதைப் படிக்கக் கூடாது. நாற்பது வினாடி சும்மா இருங்க. உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு படிச்சுட்டாங்க. வீட்டுக்கு அனுப்பிட்டேன். வேலை இல்லாதவங்க பேரு இந்த ஊர்க் குடும்பப் பதிவேட்டுல நிக்காது. அப்புறம் புதுப் பொருளாதாரப் பகுதிதான். காடு வெட்டணும். தெரியும்ல?"

தெரியும். பக்கத்து வீடு காலியானது அப்படித்தான்.

அவர் இறங்கிப் போனதும் அகுஸ்தேன் தமிழுக்கு மாறினான். அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் புரியாத மொழி அது.

"அந்த ரெண்டு பேரும் படிக்கலக்கா. சத்தியம் பண்ணி அழுவுதுங்க."

"பின்ன யாரு படிச்சா?"

அவன் சிலுவை போட்டுக்கொண்டான். "பா ஹான்."

பா ஹான் நாலு வருஷம் அந்த மைக் முன்னால் உட்கார்ந்திருந்த கிழவி. இரண்டு பிள்ளை பெற்றவள். மூத்தவன் வடக்குப் பக்கம் சேர்ந்து பதக்கத்தோடு செத்தான். இளையவன் சைகோன் பட்டாளத்தில் செத்தான். மூத்தவனின் படத்தைச் சுவரில் மாட்டலாம். இளையவனுடையதை மாட்டக் கூடாது. இந்தப் படம் வந்தபோது அந்த நாற்பது வினாடி சும்மா இருக்கச் சொன்னார்கள். அவளும் இருந்தாள், ஒரு நாளைக்கு மூன்று காட்சி வீதம் ஒரு மாதம். கடைசியில் ஒரு சாயங்காலம் விளக்கு போட்டபோது அதே பக்கத்தில் விரல் வைத்தபடி செத்துக் கிடந்தாள்.

"பேய்க்கும் பதிவேட்டுல பேரு வேணும் இந்த ஊருல" என்று சிரித்தாள் ஜோசெட். "இது எப்படிடா அனுமதி இல்லாம தங்குது?"

அகுஸ்தேன் சிரிக்கவில்லை.

மூன்று மணிக் காட்சி தொடங்கியது. படிக்கட்டின் உச்சியில், கீழ்த்தளமும் பூட்டிய பால்கனியும் கண்ணாடி வழியாகத் தெரிகிற பலகை அறையில் ஜோசெட் மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

பனி விழுகிற ஏதோ ஒரு நாட்டுப் படம். மலை உச்சியில் பதினோரு வீடுள்ள ஒரு கிராமம். யுத்தம் கீழே எங்கோ நடக்கிறது. புகை மட்டும் மேலே ஏறி வருகிறது. ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மலைக்காட்டுப் போராளிகளோடு போகிறான். இளையவனை எதிர்ப்பட்டாளம் வயலிலிருந்தே இழுத்துப் போகிறது. ஒரே குளிர்காலத்தில் இரண்டு சாவுச் செய்தியும் வந்து சேர்கின்றன. தாய் மேசையில் இரண்டு கிண்ணம் சோறு வைக்கிறாள். ஊர்த்தலைவன் வந்து, எதிர்ப்பட்டாளத்துப் பிள்ளைக்கு வைத்த கிண்ணத்தை எடு என்கிறான்.

ஜோசெட் அதுவரை நிழல்போலப் போய்க்கொண்டிருந்தாள். அறுபத்தோராம் பக்கம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

கீழே ஜனம் அசையவில்லை. சின்ன விளக்கு பக்கத்தின்மேல் மஞ்சளாக விழுந்தது. மைக் திறந்தே இருந்தது.

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

அவள் தன் மூச்சை நிறுத்திப் பார்த்தாள்.

அந்த மூச்சு நிற்கவில்லை.

பலகை அறைக்குள் பச்சைத் தைலத்தின் வாடை பரவியது, வயதான பெண்கள் நெற்றிப் பொட்டில் தடவிக்கொள்வார்களே அது. பிறகு குரல் வந்தது. காய்ந்த வாழைமட்டையைக் கிழிக்கிற மாதிரி ஒரு குரல். நடிக்கவில்லை, அழவில்லை, தொழில் தெரிந்த குரல்.

"ரெண்டு பேரையும் இந்த வயிறுதான் சுமந்தது. ரெண்டு கிண்ணமும் இங்கேயே இருக்கும். எடுக்க நினைக்கிறவன் என் கையை வெட்டிட்டு எடுக்கட்டும்."

திரையில் தாய் கதவைத் திறந்து, பனிக்குள் இரண்டு பெயர்களைக் கூப்பிட்டாள். குரலும் கூப்பிட்டது.

அறை வாசலில் ஓங் தாம் நின்றிருந்தார். "சொன்னேன்ல?"

"நான் வாயைத் திறக்கல."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

மறுநாள் அவரே அறைக்குள் வந்து அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜோசெட் கைக்குட்டையை நாலாக மடித்து வாயில் வைத்துக் கட்டிக்கொண்டு அறுபத்தோராம் பக்கத்துக்காகக் காத்திருந்தாள். தைல வாடை வந்தது. மூச்சு வந்தது. ஓங் தாமின் பார்வை அவள் வாயிலிருந்து மைக்குக்கும் மைக்கிலிருந்து வாய்க்குமாகப் போய்வந்தது. குரல் தொடங்கியதும் பாய்ந்து மைக்கின் கம்பியைப் பிடுங்கினார்.

வெடிச்சத்தம் கேட்டது. கீழே நாலைந்து பேர் அலறினார்கள்.

பிடுங்கிய கம்பி அவர் கையில் தொங்கிக்கொண்டிருக்க, குரல் தொடர்ந்தது.

"...எடுக்க நினைக்கிறவன் என் கையை வெட்டிட்டு..."

காட்சி முடிந்த பிறகு அவர் படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று தடவை சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். முடியவில்லை. ஜோசெட் தீக்குச்சியை வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தாள்.

"இப்ப நம்புறீங்களா?"

"நம்பி என்ன செய்யறது? நாளைக்கு மூணு மணிக்குக் கலாசார ஆபீஸ்லேர்ந்து சோதனைக்கு வர்றாங்க. பேய் படிச்சதுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களா? இந்த நாட்டுல பேய் கிடையாது."

"பயம் மட்டும் உண்டு" என்றாள் அவள்.

அவர் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். அவர் கையெழுத்தில் ஒரு வரி: 'எனக்கு ஒரே மகன். மற்றவனை நான் பெறவே இல்லை.'

"அந்த நாற்பது வினாடியும் இதையே திருப்பித் திருப்பிச் சத்தமாப் படிங்க. அவ குரலை அமுக்குங்க. படிச்சா வேலை நிரந்தரம். உங்க பேரு பதிவேட்டுல நிக்கும். இல்லேன்னா படிச்சது நீங்கன்னுதான் எழுதுவேன். எனக்கும் வீட்டுல அஞ்சு பேரு இருக்காங்க, சீ ஜோசெட்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அரிசி டின்னைத் திறந்தாள். அரிசிக்குள் கையைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தாள். பட்டாளச் சட்டையில் எட்மோன், அவள் தம்பி. எழுபத்தைந்து மார்ச்சில் ப்ளேய்கூ மலைப் பக்கமிருந்து பட்டாளம் பின்வாங்கியபோது காணாமல் போனவன். தெருக் குழுவிலிருந்து ஓர் ஆள் வந்து, இவனுக்கு மெழுகுவத்தி ஏற்றக் கூடாது என்று சொல்லிப் படத்தை மாதா பக்கத்திலிருந்து எடுக்க வைத்தான். அவளும் எடுத்தாள். அப்பாவும் தங்கைகளும் பிரான்சுக்கு விமானம் ஏறியபோது அவள் மட்டும் ஏறவில்லை. தம்பி வந்தால் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டுமே என்று நின்றுவிட்டாள். ஆறு வருஷமாக அவன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

துண்டுத் தாளை விரித்து, படத்துக்கு முன்னால் ஒத்திகை பார்த்தாள்.

"எனக்கு ஒரே..."

அதற்கு மேல் வரவில்லை.

மூன்றாம் நாள் பார்வையாளர்கள் நாற்பது பேர்கூட இல்லை. முதல் வரிசையில் ஆபீஸ்காரர்கள் மூவர். ஓங் தாம் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார்.

படம் ஓடியது. மலையில் புகை ஏறியது. இரண்டு கிண்ணமும் மேசைக்கு வந்தன. ஊர்த்தலைவன் வாயைத் திறந்தான்.

அறுபத்தோராம் பக்கம்.

ஜோசெட் காத்திருந்தாள். தைல வாடை வந்தது. மூச்சும் வந்தது, இந்த முறை ஸ்பீக்கரில் அல்ல, அவள் இடது காதுக்குப் பக்கத்தில்.

குரல் வரவில்லை.

அஞ்சு வினாடி ஆயிற்று. பத்து ஆயிற்று. திரையில் தாய் உதடு அசைத்துக்கொண்டே இருந்தாள், சத்தமில்லாமல்.

கிழவி காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

துண்டுத் தாள் மேசைமேல் இருந்தது. அதைப் படித்தால் போதும். வீடு, அரிசி, பதிவேடு எல்லாம் பத்திரம். ஜோசெட் அதைக் கசக்கித் தரையில் போட்டாள். கசங்கிய சத்தம் ஸ்பீக்கரில் தீ எரிகிற மாதிரி கேட்டது.

"ரெண்டு பேரையும் இந்த வயிறுதான் சுமந்தது" என்று படித்தாள். நடிக்கவில்லை. அழவில்லை. "ரெண்டு கிண்ணமும் இங்கேயே இருக்கும். எடுக்க நினைக்கிறவன் என் கையை வெட்டிட்டு எடுக்கட்டும்."

தாய் கதவைத் திறந்தாள். தாளில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஜோசெட் முதல் பெயரைப் படித்தாள். இரண்டாவது பெயர் இருந்த இடத்தில்,

"எட்மோன்" என்றாள்.

காதருகில் இருந்த மூச்சு மெல்ல அடங்கியது.

இருட்டில் ஒரு பெண் ஒரு பெயரைச் சொன்னாள், வியட்நாமியப் பெயர். இன்னொரு மூலையிலிருந்து ஓர் ஆண்குரல் வேறொரு பெயரைச் சொன்னது. பிறகு மூன்று, பத்து என்று கூடி, மழை தகரத்தில் பிடிக்கிற மாதிரி பெயர்களாகவே விழுந்தன.

அகுஸ்தேன் படம் ஓட்டும் அறையின் சின்ன ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா, கீழே நாப்பது பேருதான்."

"தெரியும்."

"சத்தம் மேலேர்ந்து வருதுக்கா."

பூட்டிய பால்கனியிலிருந்து.

விளக்கு போட்டபோது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ்காரர்களில் மூத்தவர் மட்டும் பால்கனியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே எழுந்தார். அவர் இருக்கை டப்பென்று மடங்கியதில் அவரே திடுக்கிட்டார்.

"படிச்சது யாரு?" என்று கேட்டார்.

ஓங் தாம் வாயைத் திறப்பதற்குள் ஜோசெட் படிக்கட்டில் இறங்கி வந்தாள். "நான்தான்."

"எட்மோன் யாரு?"

"என் தம்பி. பழைய பட்டாளம்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார்.

கடிதம் மறுநாள் காலையே வந்தது. ஓங் தாம் அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். அடுத்த திங்கட்கிழமை முதல் வேலை இல்லை. பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். லாரி வரும் நேரம் பின்னால் தெரிவிக்கப்படும்.

"புது ஆளு திங்கள்தானே வருது?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இன்னைக்குப் புதன். ஒரு நாளைக்கு மூணு காட்சி." கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "அதுவரைக்கும் மைக் என்னோடதுதான். வேணும்னா இப்பவே வந்து கம்பியைப் பிடுங்குங்க."

அவர் வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறமும் அந்தப் படிக்கட்டில் அவர் ஏறவில்லை.

"காட்டுக்குப் போயி என்னாக்கா பண்ணுவிய?" என்றான் அகுஸ்தேன், பிலிமை மாட்டிக்கொண்டே.

"ப்ளேய்கூ பக்கமாத்தான் அனுப்புவாங்களாம். தேட வேண்டிய இடத்துக்கு அவங்களே லாரி வச்சுக் கொண்டுபோய் விடறாங்க. நான் ஏன் அழணும்?"

மூன்று மணிக்கு விளக்கு அணைந்தது. ஜோசெட் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கீழே ஒரு இருக்கைகூடக் காலியில்லை. எப்படியோ ஊருக்குள் சேதி பரவியிருந்தது. திரையின் வெளிச்சம் மேலே பால்கனியில் பட்டது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. தரையில் ஆறு வருஷத்துப் புழுதியில் ஒரு காலடிகூட இல்லை.

பால்கனி இருக்கைகள் இறங்கியிருந்தன.

கிட்டத்தட்ட எல்லாமே. வரிசை வரிசையாக, கனம் தாங்குகிற மாதிரி.

பால்கனியின் முன்வரிசை ஓரத்தில் ஒன்று மட்டும் மடங்கியே இருந்தது.

அவள் மைக்கைத் திறந்து படிக்கத் தொடங்கினாள். மலை வந்தது, புகை வந்தது, கிண்ணங்கள் வந்தன. அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வரி விடாமல் படித்தாள். பனிக்குள் கதவு திறந்ததும் தம்பியின் பெயரைச் சொன்னாள்.

முன்வரிசை ஓரத்து இருக்கையின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

அந்த இருக்கையும் மெல்ல இறங்கியது.