எத்தனையாவது பொத்தான்?

தேர்தல் வந்தால் பெரியப்பா குணசேகரன் இரண்டு முறை பொத்தானை அமுக்குவார். ஒன்று அவருடைய ஓட்டு. இன்னொன்று வானதியின் அப்பாவுடையது.

இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. வானதியின் அப்பா நெடுஞ்செழியனுக்குக் கண் தெரியாது. கண்ணில் அழுத்த நோய் வந்து, வானதி பால்வாடிக்குப் போகிற வயதிலேயே அவருக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. பார்வை இல்லாதவர்கள் துணைக்கு ஒருவரை ஓட்டுச்சாவடிக்குள் அழைத்துப் போகலாம். அப்பாவுக்குத் துணை, அவருடைய அண்ணன்.

வயல் வேலையை விட்ட பிறகு, திருப்பனந்தாள் போகிற சாலையில் இருக்கும் தேங்காய்க் கொட்டகையில் அப்பா மட்டை உரிக்கிறார். கண் தெரிந்தவர்களுக்குச் சமமாக உரிப்பார். வானதி ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

அன்று சாயங்காலம் மெஹராஜ் பேகம் வீட்டுக்கு வந்தார். அவர் அங்கன்வாடி டீச்சர். தேர்தல் நேரத்தில் வீடு வீடாகப் போய் வாக்காளர் சீட்டு கொடுப்பதும் அவர் வேலைதான்.

"போன தடவை மாதிரி அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லி, அப்பாவின் கையில் சீட்டை வைத்துவிட்டுப் போனார்.

அப்பா சீட்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"ஏம்பா ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று வானதி கேட்டாள்.

"போன தடவை வெளியில வந்ததும், எதுல அமுக்கினீங்கன்னு அண்ணனைக் கேட்டேன். 'நான் போட்டதுலதான் உனக்கும் போட்டேன். நம்ம குடும்பத்துல வேற எதுல போடுவாங்க'ன்னு சொன்னாரு."

"நீங்க வேற யாருக்காவது போடச் சொல்லியிருந்தீங்களா?"

"சொல்லியிருந்தேன்."

அம்மா ஆனந்தவல்லி உளுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவை நான் கூட வர்றேன். நீங்க சொல்றதுலயே போடறேன்" என்றாள்.

"நீ போடுவே, எனக்குத் தெரியும்" என்றார் அப்பா. "ஆனா யாரு அமுக்கினாலும் அது என் கை இல்லையே."



இரண்டு நாள் கழித்து ரேஷன் கடை வாசலில் கூட்டமாக இருந்தது. ஓட்டுப் போடும் இயந்திரத்தின் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்து, எப்படிப் போடுவது என்று மெஹராஜ் பேகம் காட்டிக்கொண்டிருந்தார். அரிசி வாங்கப் போன வானதியும் எட்டிப் பார்த்தாள். மேலிருந்து கீழாக வரிசையாக நீலப் பொத்தான்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"டீச்சர், அது என்ன புள்ளி?"

"கண் தெரியாதவங்க தடவிப் பார்க்கிறதுக்கு. எத்தனாம் நம்பர்னு அந்தப் புள்ளி சொல்லும்."

"அப்படின்னா எங்கப்பாவே போடலாமா? துணை இல்லாம?"

"தாராளமா போடலாம். துணை வேணும்னா வச்சுக்கலாம். வச்சே ஆகணும்னு இல்லை."

வானதி அந்தப் புள்ளிகளை அப்படியே ஒரு தாளில் வரைந்துகொண்டாள். வீட்டுக்கு ஓடி வந்தவள், தடித்த அட்டையில் ஊசியால் குத்திக் குத்திப் புள்ளிகள் செய்தாள். அரிசியை வாங்காமலே வந்துவிட்டது அம்மா கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா அட்டையைத் தடவிப் பார்த்தார். திரும்பவும் தடவினார். வருஷக் கணக்காகத் தேங்காய் மட்டை உரித்த விரல்கள். நுனியெல்லாம் காய்த்துக் கெட்டியாகிவிட்டிருந்தன.

"எல்லாம் ஒரே சொரசொரப்பாத்தான் இருக்கும்மா" என்றார்.

வானதி விடவில்லை. புள்ளி இருந்த இடங்களில் கடுகை ஒட்டி, எது எந்த நம்பர் என்று தொட்டுக் காட்டினாள். இப்போது அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். "இது ஒண்ணு. இது ரெண்டு. இது நாலு."

வானதிக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரம்தான். பிறகு அவளே அட்டையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அங்கே இருக்கிற புள்ளி இவ்வளவு பெருசா இருக்காதுப்பா. நான் ஊசியால குத்தினேனே, அந்த அளவுதான். கடுகு வச்சுப் படிச்சு என்ன பிரயோஜனம்?"

"பரவாயில்லை விடு" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொன்னது வானதிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை, அப்பா வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். மேல் பொத்தானை விரலால் தேடிப் பிடித்தார். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினார். ஒன்று கூடத் தவறவில்லை. வானதி பள்ளிக்குத் தலை பின்னிக்கொண்டே அதைப் பார்த்தாள். பின்னுவதை நிறுத்தினாள்.

"அப்பா, புள்ளியே வேண்டாம்" என்றாள்.

"என்ன?"

"அந்த மெஷின்லயும் பொத்தானெல்லாம் வரிசையாத்தான் இருக்கு. மேலேர்ந்து எண்ணிக்கிட்டே வந்தா, அஞ்சாவது பொத்தான் அஞ்சாம் நம்பர். ஏழாவது ஏழாம் நம்பர். சட்டை மாதிரிதான்."

அப்பா சட்டையில் கை வைத்தபடியே நின்றார். "அட, ஆமாம்" என்றார் மெதுவாக.

அன்று சாயங்காலமே பழைய தண்ணீர் பாட்டில்களின் மூடிகளைச் சேர்த்து, நீளமான அட்டையில் வரிசையாக ஒட்டினாள். மெஹராஜ் பேகத்திடம் கேட்டு வேட்பாளர்களின் பெயர்களை வரிசை மாறாமல் எழுதி வந்து, முதலில் இருந்து கடைசி வரை படித்துக் காட்டினாள். அப்பா கேட்டுக்கொண்டார். யார் பெயர் வந்தபோதும் தலையை ஆட்டவில்லை.

"ஒன்பது" என்பாள் வானதி. அப்பா எண்ணி ஒன்பதைத் தொடுவார். "நாலு" என்பாள். நாலைத் தொடுவார்.

பிறகு அப்பா, "நானே தனியாக் கொஞ்சம் பழகிக்கிறேன்" என்றார். வானதிக்குப் புரிந்தது. அட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்க மிகவும் ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை.

தேர்தல் நாளன்று பெரியப்பா சலவைச் சட்டையோடு பைக்கில் வந்து இறங்கினார். "கிளம்புடா தம்பி, வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துடலாம்."

வானதி முன்பு படித்த தொடக்கப் பள்ளிதான் ஓட்டுச்சாவடி. அப்பாவோடு அவளும் போனாள். வரிசையில் நிற்கும்போதே அப்பாவிடம், "வாசல்ல ஒரு படி. உள்ளே வலது பக்கம் மேசை" என்று சொல்லி வைத்தாள்.

அவர்கள் முறை வந்தது. வாசலில் நின்ற அதிகாரி, "இவருக்குத் துணை யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்று பெரியப்பா முன்னால் வந்தார்.

"அண்ணே" என்றார் அப்பா. "இந்தத் தடவை நான் தனியாப் போறேன்."

பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது. "ஏன்டா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"என் வீட்டுச் சாவியையே உங்ககிட்ட கொடுப்பேன். இது சாவி இல்லைண்ணே. என் ஓட்டு. என் கையாலதான் போடணும்."

பெரியப்பா அப்பாவின் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டார். "படி இருக்கு, பார்த்து" என்று மட்டும் சொன்னார்.

அப்பா உள்ளே போனார். விரலில் மை வைத்தார்கள். ஓர் அலுவலர் அவரை மறைப்பு வரை கொண்டுவிட்டுத் திரும்பினார். வானதி வெளியே வாசலிலிருந்து பார்த்தாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அப்பாவின் தலை மட்டும்தான் தெரிந்தது.

நேரம் போனது. ஓட்டு விழுந்த சத்தம் வரவில்லை.

"என்னப்பா இவ்வளவு நேரம்?" என்று வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். பெரியப்பா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். முணுமுணுப்பு நின்றது.

உள்ளே இருந்த அலுவலர் எழுந்தார். "ஐயா, உதவி வேணுமா?"

"இருங்க சார்" என்றது அப்பாவின் குரல். "எண்ணிக்கிட்டிருந்தேன். நீங்க பேசினதுல விட்டுப்போச்சு. முதல்லேர்ந்து எண்ணுறேன்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அலுவலரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். வானதி மட்டும் சிரிக்கவில்லை. அவளும் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள்.

பீப் என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது.

அப்பா வெளியே வந்தார். முகத்தில் வியர்வை. மை வைத்த விரலை நீட்டிப் பிடித்தபடியே வந்தார், ஈரம் காயாதது போல. வானதி ஓடிப்போய் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியப்பாவும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். சாலையோரத்தில் மரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் வாங்கினார். ஒரு நுங்கு தின்று முடிக்கும் வரை பேசாமல் இருந்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"சரி, எத்தனையாவது பொத்தான்? அதையாவது சொல்லு."

"மேலேர்ந்து எண்ணினா ஒரு நம்பர்ணே. கீழேர்ந்து எண்ணினா இன்னொரு நம்பர்."

பெரியப்பா ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு நுங்கை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார்.

வீட்டுக்கு நடந்தபோது வானதி மெல்லக் கேட்டாள். "எனக்கு மட்டும் சொல்லுங்கப்பா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உனக்கு ஓட்டு வந்ததும், யாருக்குப் போட்டேன்னு என்கிட்ட சொல்லுவியா?"

வானதி கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

"மாட்டேன்" என்றாள்.