மூன்றாவதாக வந்த பாட்டு

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

துபாயின் தேராப் பகுதியில், சந்து ஒன்றின் கோடியில் இருந்த 'நாதசுரபி மியூசிக்ஸ்' கடையில் போன் அலறியது.

சேதுபதி எடுக்கவில்லை.

போன் என்றாலே அவருக்கு ஆகாது. எடுத்தால் எவனாவது எதையாவது கேட்பான். சும்மா நலம் விசாரிக்க எவனும் கூப்பிடுவதில்லை என்பது அவருடைய தீர்மானம்.

அது நிற்பதாகவும் இல்லை.

எடுத்தார்.

"யாருய்யா அது?"

"சேதுபதி பெரியவருங்களா?"

"சேதுபதிதான். பெரியவரா சின்னவரான்னு நீ எதுக்கு அளக்கிற? சோலியச் சொல்லு."

"நான் சுஐபு. அஜ்மான் போலீஸ்ல தமிழ் மொழிபெயர்ப்பாளர். கீழக்கரைக்காரன்..."

"எனக்குக் கீழக்கரையில எவனையும் தெரியாது. வச்சிரு!"

"ரேடியோ தாரகனைத் தெரியுமுல்ல?"

"தெரியும். வெளங்காத பய. அவனுக்கென்ன?"

"மவுத்தாயிட்டார். கழுத்துல மைக் வயரைச் சுத்தி இறுக்கிக் கொன்னுருக்காங்க!"

சேதுபதி ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"கடையைச் சாத்திட்டு எங்கயும் போயிராதீங்க பெரியவரே..."

"நான் எங்கய்யா போகப் போறேன்?"

"போக முடியாது. நிமிர்ந்து பாருங்க."

பார்த்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, காதில் செல்போனோடு ஒரு குட்டையான ஆள். அவனுக்குப் பக்கத்தில் சீருடையில் ஓர் இளம் அரபி அதிகாரி.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை!

சேதுபதி விற்றது பாட்டு இல்லை. பாட்டின் எலும்புக்கூடு.

நாலு பாட்டுக்கு ஸரிகம எழுதி, நடுவில் பின் அடித்த மெல்லிசான புத்தகம். பிள்ளைகளைக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்புகிற கராமா, ஷார்ஜா அம்மாக்கள்தான் வாடிக்கை. அவருக்கு ஸ-வும் தெரியாது, ரி-யும் தெரியாது. எது ஓடும் என்று மட்டும் தெரியும்.

ரேடியோவில் வந்தால் ஓடும். வராவிட்டால் கரையானுக்கு.

போன வருடம்தான் தமிழுக்கென்று ரேடியோவில் ஒரு மணி நேரம் பிறந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம். நடத்தியவன் யாழ்ப்பாணத்துத் தாரகன். "நேயர்களே, நேரடியாக உங்களோடு..." என்று தேனாக ஆரம்பிப்பான்.

நேரடியாவது மண்ணாவது!

வாடகை குறைவென்று அஜ்மானில் ஒரு பழைய வில்லாவைப் பிடித்து, அதில் சத்தம் புகாத அறை ஒன்றைக் கட்டி, திங்கட்கிழமையே எல்லாவற்றையும் பதிவு செய்து சி.டி.யை நிலையத்துக்கு அனுப்பிவிடுவான். 'அந்தப் பாட்டைப் போடுங்கண்ணே' என்று கெஞ்சும் நேயர்கள்கூட சேதுபதி ஏற்பாடு செய்த சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப் ஆட்கள்தான். கையில் ஒரு போன் கார்டைத் திணித்தால் எந்தப் பாட்டையும் விரும்புவார்கள்.

பொய்க்கு மேல் பொய் அடுக்கிக் கட்டிய யாவாரம். நன்றாகத்தான் நடந்தது.

தாரகன் கழுத்தில் வயர் விழுகிற வரைக்கும்!

"நேத்து வில்லாவுக்குப் போயி, 'இந்த மைக் வயரை உன் கழுத்துல சுத்திப்புடுவேன்'னு சொன்னீங்களாமே?" சுஐபு கேட்டான்.

"சொன்னேன்."

"வாட்ச்மேன் கேட்டிருக்கான்."

"ஊருக்கே கேட்டிருக்கும். நான் என்ன காதுக்குள்ளயா சொன்னேன்? புது மெட்டுக்குப் புத்தகம் போட்டு வச்சிருக்கேன், அந்தப் பாட்டைப் போட மாட்டேன்னான். ஏன்டான்னா காரணம் சொல்ல மாட்டேன்னான். வஞ்சேன். அப்புறம் மூணாவது பாட்டாப் போடுறேன்னு ஒத்துக்கிட்டான். அதோட முடிஞ்சது."

"ஒத்துக்கிட்டதுக்கு சாட்சி?"

"அவன்தான்."

"அவர்தான் செத்துட்டாரே பெரியவரே!"

சுஐபு இந்தியில் மாற்றிச் சொல்ல, அதிகாரி சேதுபதியை மேலும் கீழும் பார்த்தார். கேட்டு வாங்கி மேஜை மேல் வைத்திருந்த சேதுபதியின் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சேதுபதி அந்தப் பையையே பார்த்தார்.

இந்த ஊரில் கொலைக்கு என்ன கூலி என்று அவருக்குத் தெரியும். வக்கீல் வைக்க ஆள் கிடையாது. விசா கொடுத்த கஃபீல் கையைக் கழுவிவிடுவான். அறுபத்தெட்டு வயதில், பாஷை தெரியாத கோர்ட்டில், எவனோ செய்ததற்கு...

அப்போதுதான் வெளியே விசில் சத்தம் கேட்டது.

துள்ளலான மெட்டு.

கதவைத் தள்ளிக்கொண்டு, உதட்டில் விசிலும் தோளில் தோல்பையுமாக உள்ளே வந்தான் ஒருவன். விமல். ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பவன். சேதுபதியின் புத்தகங்களுக்கு ஸ்வரம் எழுதிக் கொடுப்பவனும் அவன்தான். அந்தப் புது மெட்டும் புத்தகத்தில் அவன் பெயரில்தான் வந்திருந்தது.

போலீஸைப் பார்த்ததும் விசில் பாதியில் செத்தது.

"என்னாச்சுண்ணே?"

"தாரகனைக் கொன்னுட்டாங்களாம்."

"ஐயய்யோ!" விமல் நெஞ்சில் கை வைத்தான். பிறகு மெதுவாகச் சேதுபதி பக்கம் திரும்பினான். "அண்ணே... கோவத்துல நீங்க... நேத்தே சொன்னேனே, வார்த்தைய விடாதீங்கன்னு!"

"அடப்பாவி!"

"நான் ஒண்ணும் சொல்லலைண்ணே. சார் கேட்டா உண்மையத்தானே சொல்லணும்? நீங்க வயர்னு சொன்னப்ப நானும் பக்கத்துலதானே நின்னேன்?"

சேதுபதி அவனை முறைத்தார்.

மூன்று வருடப் பழக்கம். இவர் யாரையும் நம்பியதில்லை. இவனையும் நம்பியதில்லை. ஆனால் இன்றைக்கு நம்பாமல் இருந்தது போல் என்றைக்கும் இருந்ததில்லை!

சுஐபு தொண்டையைக் கனைத்தான்.

"அசர் தொழுகைக்கு அப்புறம், நாலு மணி வாக்குல வாட்ச்மேன் டீ கொண்டு போனப்ப தாரகன் உயிரோட இருந்திருக்கார். மக்ரிபுக்கு அப்புறம், ஏழு மணி போலப் போய்ப் பார்த்தா பொணம். அந்த நேரத்துல எங்க இருந்தீங்க பெரியவரே?"

சேதுபதி நாற்காலியில் சாய்ந்தார்.

"இங்கனதான். கடையில."

"என்ன செஞ்சீங்க?"

"ரேடியோ கேட்டேன். நம்ம நிகழ்ச்சி. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்."

சுஐபின் புருவம் ஏறியது. அதிகாரியிடம் மாற்றிச் சொன்னான். அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"அச்சா?"

"பெரியவரே, நீங்க... இன்னைக்கா?"

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமைதானேப்பா? பின்ன என்னைக்கு? மாத்திச் சொல்ல வந்த ஆளு மாத்திச் சொல்லு. கூடுதலா வாயைத் தொறக்காத!"

சுஐபு வாயை மூடிக்கொண்டான். அதிகாரியின் முகம் இறுகியது. அவர் கை இடுப்பிலிருந்த விலங்கைத் தடவியது.

சேதுபதி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"நம்ம மெட்டு மூணாவதா வந்துச்சு. தாரகன் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான். அப்புறம் நான் எதுக்கய்யா அவனைக் கொல்றேன்? ஏன்டா விமல், நீயும் கேட்டிருப்பேல்ல?"

"கேட்டேண்ணே!" விமல் சட்டென்று பிடித்துக்கொண்டான். "ஷார்ஜா கடற்கரையில வண்டிய நிறுத்திட்டு, உக்காந்து முழுசாக் கேட்டேன். நம்ம பாட்டுல்ல!"

"மூணாவதுதானே?"

"மூணாவதேதான்!"

"யாருடா போன்ல கேட்டது? எனக்கு வயசாச்சு, பேரு மறந்து போச்சு."

"சோலையப்பண்ணே. சோனாப்பூரு. குரலு கொஞ்சம் நடுங்குச்சு பாவம்."

"கடைப் பேரைச் சொன்னானா தாரகன்?"

"ரெண்டு தடவை சொன்னாரு! பாட்டுக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு."

"நல்லாக் கேட்டியா?"

"என் காது தப்பாதுண்ணே. நான் மியூசிக்காரன்!"

சேதுபதி சுஐபின் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் எழுதியாச்சா?"

"எழுதியாச்சு." சுஐபின் குரல் மாறியிருந்தது. இப்போது அவன் சேதுபதியைப் பார்க்கவில்லை. விமலைப் பார்த்தான்.

அவன் மெல்ல மாற்றிச் சொல்ல, அதிகாரியும் விமலைத்தான் பார்த்தார்.

சேதுபதி கை காட்டினார். "அந்தா, அலமாரியில ரேடியோ இருக்கு. அதே ஸ்டேஷன்தான். போடு."

சுஐபு போட்டான்.

அமைதியான, நீண்ட குரலில் குர்ஆன் ஓதும் சத்தம் கடைக்குள் நிறைந்தது.

விமலுக்குப் புரியவில்லை.

"என்னண்ணே... இந்த நேரத்துல..."

"அடுத்த ஸ்டேஷன் போடு."

அங்கேயும் ஓதல்.

"அதுக்கடுத்தது."

அங்கேயும்!

சுஐபு ரேடியோவை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"ஆளும் குடும்பத்துல மூத்தவர் ஒருத்தர் இன்னைக்கு வஃபாத் ஆயிட்டார் தம்பி. அசர் முடிஞ்சதும் சேதி வந்துருச்சு. அந்த நிமிஷத்துலேர்ந்து இந்த நாட்டுல எந்த ரேடியோவுலயும் பாட்டு கிடையாது. துக்கம் முடியிற வரைக்கும் ஓதல் மட்டும்தான். உங்க நிகழ்ச்சியும் கிடையாது... மூணாவது பாட்டும் கிடையாது!"

விமலின் முகம் வெளுத்தது.

"அண்ணே... அப்ப நீங்க கேட்டேன்னு..."

"நான் எங்கடா கேட்டேன்? வராத பாட்டை எவன் கேப்பான்?" சேதுபதி எழுந்தார். "ஊரே வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிது. டாக்சிக்காரன் பாட்டை நிறுத்திட்டான். டீக்கடைக்காரன் டி.வி.யை மாத்திட்டான். நீ விசிலடிச்சிக்கிட்டு வர்ற! அப்பவே இடிச்சுச்சு. இவனுக்கு மட்டும் எப்படிச் சேதி எட்டல? அப்படி வெளிச்சத்தம் எட்டாத இடம் எதுடா இருக்கு?"

விமலின் கண் கதவுப் பக்கம் போனது.

"தாரகன் ரூமு! கதவைச் சாத்துனா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது. சேதி வந்த நேரத்துல நீ அதுக்குள்ள இருந்திருக்க. வெளிய வந்து வண்டியில உன் சொந்த சி.டி.யைப் போட்டுக்கிட்டு வந்திருப்ப. நேத்துப் பதிவுல நீயும் கூட நின்ன, பாட்டு வரிசை, பேசுனவன் பேரு எல்லாம் உனக்குத் தெரியும். அதை வச்சே கேட்ட மாதிரி அளந்து விட்டுட்ட!"

விமல் கதவை நோக்கிப் பாய்ந்தான்!

அவ்வளவுதான். அதிகாரியின் கால் குறுக்கே நீண்டது. கீபோர்டு ஸ்டாண்டு ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி குப்புற விழுந்தான். விலங்கு க்ளிக்கென்று மூடியது.

"ஏன்டா?" சேதுபதி கேட்டார். "அவன்தான் பாட்டைப் போட்டானே!"

விமல் தரையில் கிடந்தபடியே கத்தினான்.

"போட்டான்! போட்டுட்டு இன்னைக்குக் கூப்பிட்டுச் சொல்றான், 'இது என்ர அப்பா வல்லிபுரத்தின்ர மெட்டு. நான் முணுமுணுத்ததைக் கேட்டு நீ களவெடுத்தனி. இந்தக் கிழமை உன்ர பேரில போகட்டும். அடுத்த கிழமை அப்பாவை யாழ்ப்பாணத்தில இருந்து லைன்ல எடுத்துப் பாட வைக்கிறன். சனம் கேக்கட்டும்'னு! அப்புறம் எவன் என்னை மேடையேத்துவான்? எந்த அம்மா பிள்ளைய எங்கிட்ட அனுப்புவா? பத்து வருஷம்ணே... இந்த ஒரு மெட்டுலதான் எனக்குப் பேரு வர இருந்துச்சு!"

"உம் பேருக்கு என் வாய் வார்த்தைய எடுத்து அவன் கழுத்துல சுத்துனியாக்கும்?"

"நீங்கதான் அத்தனை பேரு முன்னாடி சொல்லி வச்சீங்களே! போனாப் போறான் கிழவன்னு நெனச்சேன்!"

சேதுபதி குனிந்து, அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"த்தூ..."

அதிகாரி சுஐபிடம் ஏதோ கேட்டார். சுஐபு தலையைச் சொறிந்தான்.

"பெரியவரே, அவன் பொய் சரி. நீங்க நெசமா எங்க இருந்தீங்க? அதைச் சொல்லாம இவங்க பாஸ்போர்ட்டைத் தர மாட்டாங்க."

"ரேடியோ ஆபீஸ்ல. இதே துபாய்லதான். நிகழ்ச்சி நின்னு போச்சுன்னதும் நேரா அங்கதான் போனேன். போன் போட்டு கஜந்தின்னு ஒரு பொண்ணைக் கேளு."

சுஐபு ஸ்பீக்கரில் போட்டான்.

"ஓம், வந்தவர்! ஐயோ, அந்த மனுசனைப் பற்றிக் கதைக்காதேங்கோ!" கஜந்தியின் குரல் வெடித்தது. "நாலரைக்கு வந்து ஏழு மணி வரைக்கும் மேசைக்கு முன்னால நிண்டு கத்தினவர். துக்கம் முடிஞ்ச அடுத்த நாளே தன்ர பாட்டைப் போடவேணுமாம். செக்யூரிட்டி ரெண்டு பேர் பிடிச்சு வெளியில விட்டவங்கள். எனக்கு இன்னும் தலையிடி!"

"கேட்டுக்கிட்டியா?" என்றார் சேதுபதி பெருமையாக.

"இவ்வளவு நல்ல சாட்சி இருக்கு! இதை மொதல்லயே சொல்லிருக்கலாமுல்ல?"

"சொல்லிருந்தா நான் வீட்டுக்குப் போயிருப்பேன். அவனும் வீட்டுக்குப் போயிருப்பான். நீங்க வாட்ச்மேனைப் புடிச்சு உள்ள வச்சிருப்பீங்க. எனக்குத் தெரியாதா போலீஸை?"

சுஐபு அதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை.

அதிகாரி பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். சேதுபதி கை நீட்டியதும், கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். இந்தியில் கறாராக ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"போலீஸ் முன்னாடி முதல்ல பொய் சொன்னது நீங்கதானாம். அதுக்கு உங்களை என்ன செய்யலாம்னு கேக்குறார் பெரியவரே!"

சேதுபதி பாஸ்போர்ட்டை வெடுக்கென்று பிடுங்கினார்.

"வராத பாட்டை வந்துச்சுன்னு கூவி விக்கிறதுதான் என் யாவாரம்னு சொல்லு. வாங்குனவனைத்தான் புடிச்சிட்டீங்கள்ல... கிளம்புங்கய்யா, கடையைச் சாத்தணும்!"