ஆங்காங்குக்குப் போகவேண்டிய பதில்

1964 செப்டம்பர். சிதம்பரத்தில் பஞ்சநாதம் வீட்டுக் கதவை லால்பேட்டை அமீனா பீவி தட்டியபோது காலை ஏழுகூட ஆகவில்லை. பஞ்சநாதம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிக்கல் என்றால் ஊர் அவரைத் தேடும். ஆனால் அவருக்கு முன்னால் ஓடிவந்து கதவைத் திறப்பவள் மனைவி சிவகாமுதான்.

"அய்யா, எங்க வூட்டுக்காரரு ஜமாலுதீன் ஆங்காங் ஜெயில்ல இருக்காரு. மே பதினாலு அங்க ஒரு கொலை. அன்னிக்கு அவரு லால்பேட்டையில, தங்கச்சி நிக்காஹ்ல இருந்தாருங்க. வாப்பா இல்லாததால பொண்ணுக்குப் பொறுப்பா தஃப்தர்ல, அந்த நிக்காஹ் பதிவேட்டுல, கையெழுத்துப் போட்டதே அவருதான்."

"பாஸ்போர்ட்?"

"முத்திரை போலின்னு சொல்றாங்களாம். ஊர்ப் பதிவைக் கேக்குறாங்க."

ஆங்காங் சீனக் கரையோரம் பிரிட்டிஷாரின் கீழிருந்த இடம். நேராக எழுத முடியாது. லண்டன், டில்லி, சென்னை என்று சுற்றி அந்தக் கேள்வி கடலூர் அலுவலகம் ஒன்றுக்கு வந்திருந்தது. கோர்ட்டுகள் ஒன்றுக்கொன்று உதவும் ஒப்பந்தத்தை இந்திய, பிரிட்டிஷ் அரசுகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன. அதில் ஆங்காங் சேருமா என்பதே முடிவாகவில்லை.

அந்த அலுவலகக் குமாஸ்தா சிங்காரம் எழுதிய பதிலின் நகலை அமீனா நீட்டினாள். சிவகாமு உரக்கப் படித்தாள்:

'செப்டம்பர் 11, பகல் ஒரு மணிக்குப் பள்ளிவாசலில் இமாம் ஹஜ்ரத் பதிவேட்டைக் காட்டினார். மணமக்கள் சபையில் அருகருகே அமர்ந்து கையெழுத்திட்டதாகக் கூறினார். ஜமாலுதீன் கையெழுத்து இல்லை.'

"இன்னிக்கு மெட்ராஸுக்குப் போவுதாம்யா. போனா அவரைத் தூக்குல போட்டுடுவாங்க."

பஞ்சநாதம் காலண்டரைப் புரட்டினார். "கெளம்புங்க, கடலூர் பஸ்ஸப் புடிப்போம்."

"கண்டுபுடிச்சிட்டீங்களா? சொல்லுங்களேன்!" என்றாள் சிவகாமு.

"பஸ்ல சொன்னா கண்டக்டரும் சேந்து துப்பறிவான்."

அலுவலகத்தில் அதிகாரியின் மேசைமுன் சிங்காரம் நிமிர்ந்தே நின்றான். பஞ்சநாதம் மெதுவாகக் கேட்டார்: "பகல் ஒரு மணியா?"

"ஆமா சார். ஹஜ்ரத்தே உக்காரவெச்சுக் காட்டுனாரு."

"அன்னிக்கு வெள்ளிக்கிழமை. அந்த நேரத்துல அவரு ஜும்ஆ தொழுகை நடத்திக்கிட்டு இருப்பாரு."

"மணி முன்னபின்ன இருக்கும் சார்."

"இருக்கட்டும். அமீனாம்மா, பொண்ணு எங்க உக்காந்திருந்துச்சு?"

"வூட்டுக்குள்ள, எங்களோட. ஆம்பளைங்க சபையில பொண்ண உக்காரவெப்பாங்களா? அவளுக்காகப் பேசத்தானே அண்ணங்காரரு அங்க இருந்தாரு!"

"கேட்டீரா சிங்காரம்? எந்த ஹஜ்ரத்தும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு. உம்ம வூட்டு மணவறைய நெனச்சு எழுதிட்டீரு. நீர் லால்பேட்டைக்கே போகல."

சிங்காரத்துக்கு வியர்த்தது. "ஒப்பந்தமே ஆவல சார். ஆங்காங் ஒரு நாடும் இல்ல. யாரு சரிபாக்கப் போறாங்கன்னு..."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "பேச்சுவார்த்தை முடியிற வரைக்கும் இதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தாம்மா..."

"நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் எம் புருசன் கழுத்துக்குக் கயிறு காத்திருக்குமா?" என்றாள் அமீனா.

அதிகாரி சிங்காரத்தின் தாளைக் கிழித்துவிட்டு, ஜீப்பை எடுக்கச் சொல்லித் தானும் ஏறினார்.

மாலையில் ஹஜ்ரத் தஃப்தரோடு அமீனா வீட்டுக்கே வந்தார். மே பதினாலுக்கு நேரே, பொறுப்பாளி என்ற இடத்தில் ஜமாலுதீனின் கையெழுத்து இருந்தது. சிங்காரம் நகலெடுத்தான். அதிகாரி கையொப்பமிட்டார்.

"வாசிச்சுக் காட்டுங்க," என்றாள் அமீனா.

"ஜமாலுதீன் கையெழுத்து உள்ளது," என்று முணுமுணுத்தான் சிங்காரம்.

"இன்னும் சத்தமா. ஒப்பந்தம்னு பேசிக்கிட்டே இருக்காங்களே, அவுங்களுக்கும் கேக்கட்டும்."