காற்றை எடுக்கும்போது

தொட்டிக்குள் காற்று குறையக் குறைய ஓசையும் குறைய வேண்டும். ஒன்று மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

அவள் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். செவ்வாயில் பறக்கப்போகும் சின்ன விமானத்துக்குச் சுழலும் இறக்கை வடிவமைப்பவள் அவள். அந்தக் கோளில் காற்று இருக்கிறது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். அதனால் ஆளுயர இரும்புத் தொட்டிக்குள் விமானத்தை வைத்து, பம்பால் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இறக்கையைச் சுழற்றிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு மைக் உண்டு. சூடேறிய எண்ணெயின் வாசனையும், ஜன்னலே இல்லாத அறையின் புழுக்கமும், பம்பின் ஓயாத உறுமலும் அவளுக்குப் பழகிப்போனவை. இறக்கையின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து கொசுவின் ரீங்காரமாகி அடங்கிய பிறகு, அதற்கு அடியிலிருந்து மெல்லிய விசில் போல ஒன்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

"எங்கயோ லீக் ஆகுதுண்ணா."

"என் பம்புல லீக்கா? என் மூக்குல வேணா இருக்கும்" என்றார் பம்ப் ஆபரேட்டர். ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டார். "ஒண்ணும் கேக்கலையேம்மா. நேத்தும் நீ சாப்பிடல. வா, ஒரு வாய் சாப்பிட்டு வந்து பாக்கலாம்."

"நீங்க போங்கண்ணா. வரேன்."

மகள் போனதிலிருந்து எல்லோரையும் போல அவரும் அந்தப் பேச்சை எடுக்கத் தயங்குவார். "பாப்பா இருந்தா உன்னை இப்படி விட்டிருப்பாளா?" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் மறுபடி கேட்டாள். விசில். நடுவில் ஒரு சின்ன இருமல். அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். குளிர் நாட்களில் மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகை நீவி நீவி, விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்த இழுப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நின்றுபோன இழுப்பு. பெற்றவளுக்குத் தெரியாதா?

"அம்மா... மூச்சு முட்டுது."

பாய்ந்துபோய் பம்பை நிறுத்தி வால்வைத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே போனது. இழுப்பு தளர்ந்தது. இருமல் அடங்கியது. தூக்கம் பிடிக்கும் குழந்தையிடமிருந்து வரும் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"தூங்குடா கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்." அவள் விம்மி விம்மி அழுதாள்.

தொட்டி நிறைந்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

கனத்த கதவை இழுத்துத் திறந்தாள். விமானம். மைக். வேறு யாருமில்லை. "பாப்பா" என்று கூப்பிட்டாள். இரும்பில் மோதி அவள் குரலே திரும்பி வந்தது. கதவை மூடிவிட்டுக் காத்திருந்தாள். ஒரு மூச்சுகூட இல்லை.

அப்போது புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம். காற்று இருக்கும்வரை மகளுக்கு வலி இல்லை. ஆனால் அவள் குரலும் கேட்காது.

ஒரே ஒரு தடவை. ஒரு வார்த்தை போதும். கை சுவிட்சுக்குப் போனது.

உறுமல். இழுப்பு. இருமல்.

"வேணாம்மா."

"இதோ கண்ணு. இதோ நிறுத்திடறேன். இன்னும் கொஞ்சம் பேசு."

தொட்டியின் வட்டக் கண்ணாடியில், உள்ளேயிருந்து, ஒரு சின்ன உள்ளங்கை பதிந்தது. தட்டியது. பதறிப் பதறித் தட்டியது. அவள் கண்ணாடியில் கன்னத்தை வைத்து அந்த விரல்களை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை, பம்பின் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.