பளபளத்த காபரேட்டர்

வித்தியாவின் அப்பா எதைச் செய்தாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் செய்வார். தேநீருக்குச் சீனி போட்டாலும் அப்படித்தான். ஆயுத பூசைக்கு மிசின் துடைத்தாலும் அப்படித்தான்.

அன்றைக்குப் புத்தூரில் எல்லோரும் மண்வெட்டியைக் கழுவி, தண்ணீர் இறைக்கும் மிசினைத் துணியால் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்தார்கள். அப்பாவுக்கு அது போதவில்லை. மண்ணெண்ணெயும் காற்றும் கலக்கிற காபரேட்டர் என்ற அலுமினியத் துண்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைக் கழற்றி எடுத்தார். குத்துவிளக்கு விளக்க அம்மா வைத்திருந்த சாம்பலையும் புளியையும் அள்ளினார். தேங்காய்த் தும்பால் தேய் தேய் என்று தேய்த்து, வாளித் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்தார்.

"இஞ்சை பார் வித்தியா! இதிலை முகம் பார்த்துத் தலை இழுக்கலாம்!"

வித்தியா எட்டிப் பார்த்தாள். "மூக்கு மட்டும்தான் தெரியுது அப்பா. அதுவும் கொய்யாப்பழம் மாதிரி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு பல நாள் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அப்பா காபரேட்டரைப் பூட்டி, மிசினின் கயிற்றை இழுத்தார். 'டுப்' என்றது. மறுபடி இழுத்தார். அதுவும் இல்லை. உள்ளங்கை உரியும்வரை இழுத்தார்.

"காபரேட்டரைப் பாத்தனீங்களோ?" என்று அம்மா கேட்டாள்.

"அதிலை என்ன பிழை? வெள்ளி மாதிரிக் கிடக்கு. நெருப்புப் பொறி குடுக்கிற கொயில்தான் எரிஞ்சு போச்சு. மிசின் முடிஞ்சுது, உதயா."

மிசின் திருத்துகிற கோபிசங்கர் அண்ணை ஊரில் இல்லை. இரவல் கேட்கலாம் என்றால், கொளுத்துகிற வெயிலில் எல்லோருடைய தோட்டமும் தண்ணீருக்குத்தான் ஏங்கிக் கிடந்தது. அந்த வருடம் மழையும் பிந்திவிட்டது.

புதிதாக நட்ட கத்தரிக்கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. அம்மாவும் வித்தியாவும் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். செம்மண் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னும் கொடு என்பதுபோலக் காய்ந்து கிடந்தது. கிழக்குப் பக்கத்துப் பாத்திகள் முதலில் கருகின. வித்தியாவின் கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

அப்பா கிணற்றுக் கட்டின்மேல் போய் உட்கார்ந்தார்.

"மிச்சக் கன்றும் செத்தால் நான் கொழும்புக்குப் போறன். மாமான்ரை கடையிலை வேலை இருக்காம்."

"எப்ப திரும்பி வருவியள்?" என்று வித்தியா கேட்டாள்.

"பொங்கலுக்கு வரப் பாக்கிறன்."

வரப் பார்க்கிறாராம்! அப்பா இல்லாத வீட்டை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அழுதால் அவரும் அழுதுவிடுவார் என்று பயந்து குசினி அடுப்படிக்கு ஓடினாள்.

அங்கே அம்மா குத்துவிளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விளக்கின் பூவேலைக்குள் சாம்பல் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஈர்க்கால் குத்திக் குத்தி எடுத்தாள்.

"சனியன்! காய்ஞ்சால் கல்லுத்தான்," என்று முணுமுணுத்தாள்.

வித்தியா விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தச் சாம்பல்தானே காபரேட்டருக்குள்ளும் போயிருக்கும்?

திரும்பி ஓடினாள். ஆனால் கிணற்றடியில் அப்பாவின் முகத்தைக் கண்டதும் கால் தயங்கியது. 'நீங்கள்தான் பழுதாக்கினீங்கள்' என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"அப்பா, காபரேட்டரை ஒருக்காக் கழற்றுவியளோ? உள்ளுக்கு எப்பிடி இருக்கும் எண்டு எனக்குப் பாக்கவேணும்."

"இப்ப அதோ முக்கியம்?"

"ஓம் அப்பா."

வேண்டா வெறுப்பாகக் கழற்றினார். உள்ளே இருந்த சின்னப் பித்தளைத் திருகாணியை எடுத்து அவள் கையில் வைத்தார். "இதிலை ஊசி முனையளவு ஓட்டை இருக்கு. அதாலைதான் எண்ணெய் வரும்."

வித்தியா அதைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். "வெளிச்சம் தெரியேல்லை."

அப்பா வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சாம்பல்," என்றார். "நான்தான் பிள்ளை... என்ரை கையாலைதான் கன்றெல்லாத்தையும் சாகடிச்சிட்டன்."

"எல்லாம் சாகேல்லை அப்பா. பெற்றோல் கொண்டு வாங்கோ."

பழைய வயரிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை உருவினாள். திருகாணியைப் பெற்றோலில் ஊறவைத்து, சின்ன விரல்களால் பொறுமையாகக் குத்தினாள். அப்பா மற்றத் துளைகளைக் கழுவினார். கடைசியில் ஓட்டைக்குள் ஒரு துளி வெளிச்சம் தெரிந்தது.

பூட்டி, கயிற்றை இழுத்தார். டுப். டுப்டுப். டுப்டுப்டுப்டுப்!

அம்மா ஓடி வந்தாள். "என்ன பிழையாம்?"

அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"அதுக்குத் தடிமன் அம்மா," என்றாள் வித்தியா. "மூக்கடைச்சுப் போச்சு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மகளைப் பார்த்த பார்வையில் ஆயிரம் நன்றி இருந்தது.

கிழக்குப் பாத்திகளைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றப் பாத்திகளுக்குள் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. வித்தியா மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் அடுத்ததற்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். மனதில் மட்டும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

"அப்பா! கொழும்புக்கு எப்ப போறியள்?"

"வாய்க்காலைப் பார் பிள்ளை, உடையப்போகுது!" என்று கத்தினார் அப்பா. "செத்த கன்றுக்கெல்லாம் நாளைக்கு வேறை நடவேணும். எனக்கு எங்கை நேரம்?"